அடல் பென்ஷனா, ஷ்ரம் யோகி மான்தனா?

இவை மத்திய அரசின் இரண்டு பென்ஷன் திட்டங்கள். பி.எஃப். பிடித்தம் இல்லாத வேலையில் இருப்பவர்கள் பலருக்கு, எதில் சேர்வது என்ற குழப்பம் உண்டு. இரண்டிலும் 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 60-ல் பென்ஷன் தொடங்கும்.

யார் சேரலாம்?
அடல்: வருமான வரி கட்டாத, வங்கி அல்லது தபால் கணக்கு உள்ளவர்.
மான்தன்: மாதம் 15,000 ரூபாய்க்குள் சம்பாதிக்கும் அமைப்புசாராத் தொழிலாளி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருந்தால் முடியாது.

30 வயதில் சேர்ந்து, மாதம் 3,000 ரூபாய் பென்ஷன் பெற:
அடல்: மாதம் 347 ரூபாய்.
மான்தன்: 105 ரூபாய், அதே அளவு அரசும் போடும்.

பென்ஷன் வாங்குபவர் இறந்தால்?
அடல்: கணவன் அல்லது மனைவிக்கு அதே 3,000. அவருக்குப் பிறகு நாமினிக்கு 5.1 லட்சம்.
மான்தன்: துணைக்குப் பாதி, 1,500 மட்டும். பிள்ளைகளுக்கு எதுவும் வராது.

அடலில் மாதம் கூடுதலாகக் கட்டும் 242 ரூபாய்க்கு இந்த வித்தியாசம்தான் பலன். சம்பாத்தியம் இல்லாத மனைவி இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம்.

விலைவாசி ஏறினாலும் இரண்டிலும் பென்ஷன் ஏறாது, மருத்துவச் செலவும் சேராது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

கட்டட வேலை, வீட்டு வேலை செய்து மாதம் நூறு ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால் மான்தன் போதும். கொஞ்சம் கூடக் கட்ட முடிந்தவர் அடலுக்கே போகலாம். அதில் 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் கட்டினால் 5,000 வரை கிடைக்கும்.