'எல்லாம் அடக்கம்' என்று வேன் தருபவரிடம் பணம் கட்டும் முன்

மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் போகத் திட்டமிடும் ஹார்ட்கோர், பங்க் எனப்படும் அதிரடி ராக் இசைக் குழுக்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேன், ஓட்டுநர், பேக்லைன் (மேடைக்கு வேண்டிய டிரம், ஒலிபெருக்கிப் பெட்டிகள்), நிகழ்ச்சி ஏற்பாடு அனைத்துக்கும் சேர்த்து ஒரே விலை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒரு முகவரிடம் 2025 கோடையில் நாங்கள் பணத்தைப் பறிகொடுத்தோம். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. வழியில் சந்தித்த வேறு குழுக்களும் வேறு ஆட்களைப் பற்றி இதே கதையைத்தான் சொன்னார்கள். அதனால் ஆளை விட, பணம் எப்படிப் பறிபோகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு உதவும்.

நாங்கள் கிள்ளானைச் சேர்ந்த நால்வர். நான் பாஸ் கிதார் வாசிக்கிறேன். வரவு செலவுக் கணக்கும் என் பொறுப்பு.

எது ஏமாற்று இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்ட்கோர் குழுவின் பயணம் சொகுசானது அல்ல. பகலில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் வேனில் முட்டி இடிக்க உட்கார்ந்து போக வேண்டும். மாலையில் இறங்கிப் பெட்டிகளைச் சுமந்து, இரவு பத்து மணிக்கு மேல் இருபத்தைந்து நிமிடம் உயிரைக் கொடுத்து வாசித்துவிட்டு, திரும்பவும் அதே பெட்டிகளைச் சுமக்க வேண்டும். படுக்கை என்பது அரங்கின் மாடியறையில் நாமே கொண்டுபோன தூக்கப் பை. சாப்பாடு பெரும்பாலும் இறைச்சியும் பாலும் சேராத பீன்ஸ் குழம்பு. குளிக்க வெந்நீர் கிடைத்தால் அன்று நல்ல நாள். எங்கள் அளவிலான குழுவுக்கு ஓர் இரவுச் சம்பளம் 150 யூரோவிலிருந்து 300 யூரோ வரை. அது டீசலுக்கும் வேன் வாடகைக்குமே போய்விடும். சட்டையும் இசைத்தட்டும் விற்ற காசில்தான் வீடு திரும்ப வேண்டும். இவை எல்லாம் தெரிந்துதான் போனோம். இவற்றில் எதைப் பற்றியும் எங்களுக்குக் குறை இல்லை.

இந்தப் பயண முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக், கனடாவின் டி.ஓ.ஏ. போன்ற குழுக்களைப் பெரிய இசை நிறுவனங்கள் சீண்டவில்லை. அவர்களே ஊர் ஊராகத் தொலைபேசி எண்களைத் திரட்டி, வேனில் போய், பின்னால் வந்தவர்களுக்கு வழி போட்டுக் கொடுத்தார்கள். வாஷிங்டனின் ஃபுகாஸி பல ஆண்டுகள் நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே பிடித்து வைத்திருந்தது. ஐரோப்பாவிலும் இந்த மரபு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பிராகில் மாணவர் விடுதியின் அடித்தளத்தில் இயங்கும் கிளப் 007, லியூப்லியானாவில் பழைய யூகோஸ்லாவிய ராணுவக் குடியிருப்பை 1993இல் இளைஞர்கள் கைப்பற்றி உருவாக்கிய மெடெல்கோவா, ஜெர்மனியின் சிறு ஊர்களில்கூட இருக்கும் இளைஞர் மையங்கள் என்று இதற்கான இடங்கள் பல. தன்னார்வலர்கள் நடத்தும் இப்படிப்பட்ட இடங்களில் கொடுக்கும் பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் இரவு முடிந்ததும் காசுப் பெட்டியை மேசையில் கவிழ்த்துக் குழுவின் கண்ணெதிரே எண்ணுவார்கள். 'நம் வேலையை நாமே செய்துகொள்வோம்' என்ற டி.ஐ.ஒய். கொள்கைக்கு நான் மரியாதை கொடுப்பது அந்த மேசைக்காகத்தான்.

நம் பக்கத்துக் குழுக்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஜெர்மன் குழு தன் வேனிலேயே கிளம்பிவிடும். நாம் விமானத்தில் கிதார், டிரம் தொகுதியில் ஸ்நேர், சிம்பல் மட்டும், கிதார் பெடல், மடித்து அடுக்கிய சட்டைகள் இவற்றைத்தான் கொண்டுபோக முடியும். கேபினெட் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி, மீதி டிரம், வண்டி எல்லாம் அங்கே போய்த் தேட வேண்டியவை. (மின்சாரம் மட்டும் நமக்கு அனுகூலம். இங்கும் அங்கும் 230 வோல்ட் அளவுதான், 50 ஹெர்ட்ஸ். பிளக் மாற்றி போதும். அமெரிக்கக் குழுக்கள் டிரான்ஸ்ஃபார்மரையும் கட்டி இழுக்கின்றன.) இந்த இடைவெளியில்தான் 'எல்லாம் அடக்கம்' முகவர்கள் கடை விரிக்கிறார்கள்.

எங்களை ஏமாற்றிய முகவர் கேட்டது 3,900 யூரோ. ஒன்பது இருக்கை வேன், அனுபவமுள்ள ஓட்டுநர், இரண்டு கிதார் கேபினெட், ஒரு பாஸ் கேபினெட், டிரம், சுங்கச் சாலைக் கட்டணம், நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் வேலை எல்லாம் அதில் சேர்த்தி. பாதியான 1,950 யூரோவை முன்பணமாக பேபாலில், அதிலும் 'நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும்' என்ற வகையில் அனுப்பச் சொன்னார். கட்டணம் மிச்சமாகும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த வகையில் அனுப்பும் பணத்துக்கு, ஏமாந்தால் திரும்பப் பெற பேபால் தரும் பாதுகாப்பு கிடையாது என்பது அவர் சொல்லாத காரணம். அந்த முன்பணம் நம் கணக்கில் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு அருகில். மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியமான 1,700 ரிங்கிட்டில் பார்த்தால் ஒருவருடைய அரையாண்டு உழைப்பு. ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டோம். 'ஹார்ட்கோரில் காகிதம் எதற்கு? நமக்குள் நம்பிக்கைதான்' என்று எழுதினார். இந்த வாக்கியத்தைப் பயணம் முழுவதும் பல வடிவங்களில் கேட்கப்போகிறோம் என்று அப்போது தெரியாது.

பிராங்பர்ட்டின் புறநகரில், ஒரு டயர்க் கிடங்கின் பின்னால் வண்டியைக் கொடுத்தார்கள். படத்தில் பார்த்த வண்டி வேறு, நின்ற வண்டி வேறு. கடைசி வரிசை இருக்கைகளுக்கு பெல்ட் இல்லை. ஆட்களுக்கும் சாமான்களுக்கும் நடுவே தடுப்பு இல்லை. ஓட்டுநர் அவசரமாக பிரேக் அடித்தால் நாற்பது கிலோ கேபினெட் நேராக நம் பிடரிக்குத்தான் வரும். கிதார் கேபினெட் இரண்டுக்குப் பதில் ஒன்று, அதிலும் நான்கு ஸ்பீக்கரில் இரண்டு ஊமை. 'அனுபவமுள்ள ஓட்டுநர்' ஒரு கல்லூரி மாணவர். நல்ல பிள்ளை. அவருடைய தினக்கூலியைக் குழு கொடுக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுநர் கூலி விலையில் அடக்கம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கைப்பேசியை நடுவில் வைத்து இரண்டு தரப்புச் செய்திகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. முகவரை அழைத்துக் கேட்டோம். 'இது டி.ஐ.ஒய்., ஹோட்டல் சுற்றுலா இல்லை' என்றார்.

வண்டியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். கணக்கில் கை வைத்ததுதான் உண்மையான திருட்டு.

ஏற்பாட்டாளர்கள் சம்பளத்தைத் தன் வங்கிக் கணக்கில் போடுவார்கள் என்றும், எங்களிடமிருந்து வர வேண்டிய மீதிப் பாதியில் அதைக் கழித்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் ஒரு கணக்குத் தாளை அனுப்புவார். லைப்சிக் நிகழ்ச்சிக்கு வந்த தாளில் சம்பளம் 200 யூரோ. அதிலிருந்து 'அயல்நாட்டுக் கலைஞர் வரி' 15.825 விழுக்காடு, பிறகு இசை உரிமைக் கட்டணம் 35 யூரோ. நிகரம் 133 யூரோ. அன்று இரவு மேசையில் காசு எண்ணப்படாததைக் கண்டு, அரங்கை நடத்தும் பெண்ணிடம் சும்மா விசாரித்தேன். அவர் மடிக்கணினியைத் திறந்து முகவருடன் பேசிய மின்னஞ்சலைக் காட்டினார். 300 யூரோ, சாப்பாடு, தங்க இடம். பணம் முந்தைய வாரமே போய்விட்டது. வரி, உரிமைக் கட்டணம் என்ற பேச்சே அதில் இல்லை.

இந்த வரி விஷயத்தை நம் குழுக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வரி கற்பனை இல்லை. ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் ஊதியத்தில் 15 விழுக்காடும், அந்த வரியின் மேல் ஒற்றுமைக் கூடுதல் வரியும் பிடிக்கும் சட்டம் உண்மையிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சரியாக அந்த 15.825தான். ஆனால் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கலைஞரின் பங்கு 250 யூரோவைத் தாண்டாவிட்டால் பிடித்தம் கிடையாது. 300 யூரோவை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 75. எங்களைப் போன்ற குழு இந்த வரம்பைத் தொட வேண்டும் என்றால் ஓர் இரவுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் வாங்க வேண்டும்! உண்மையாகவே பிடித்திருந்தாலும் அது வரி அலுவலகத்துக்குப் போய், அதற்குச் சான்றிதழ் கிடைக்கும். கேட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. இசை உரிமைக் கட்டணமும் அப்படித்தான். அதை கெமா என்ற அமைப்புக்குக் கட்ட வேண்டியவர் நிகழ்ச்சியை நடத்துபவர். வாசிக்க வந்த குழுவின் சம்பளத்தில் அதைக் கழிக்க இடமில்லை. உண்மையான சட்டத்தின் எண்ணை எடுத்துப் பொய்க் கணக்கில் பொருத்தியதால்தான் முதல் சில தாள்கள் எங்கள் கண்ணில் உறுத்தவே இல்லை. பிறகு மற்ற ஏற்பாட்டாளர்களுக்கும் எழுதிக் கேட்டோம். பதில் தந்த ஒவ்வொருவரும் எங்கள் தாளில் இருந்ததை விட அதிகம் கொடுத்திருந்தார்கள்.

டிரெஸ்டனிலிருந்து பிராகுக்குப் போகும் ஏ17 நெடுஞ்சாலையில் காவல்துறை நிறுத்தியது. எல்லைக்கு அருகே இது வழக்கமான சோதனைதான். காவலர் முதலில் பின்பக்க எண் பலகையைக் குனிந்து பார்த்தார். ஜெர்மன் வண்டிகளின் பின் பலகையில் ஒரு வட்ட ஒட்டி இருக்கும். நடுவில் இருக்கும் எண் ஆண்டு, உச்சியில் நிற்கும் எண் மாதம். அதற்குள் வண்டி அடுத்த தொழில்நுட்பப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்த மாதம் எப்போதோ கடந்துவிட்டது. அதற்கான அபராதம் சிறியது. பயமுறுத்தியது அடுத்த விஷயம்: பதிவுச் சான்றிதழில் அது வாடகைக்கு விடும் வண்டி என்ற குறிப்பே இல்லை. தனியார் வண்டியாகப் பதிந்து, அப்படியே காப்பீடு செய்து, காசுக்கு விட்டிருக்கிறார். விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லியிருக்கும் என்று அந்தச் சாலையோரத்தில் யோசித்துப் பார்த்தோம். அதற்குமேல் அந்த வண்டியில் ஏற யாருக்கும் மனம் வரவில்லை. சட்டை விற்ற காசில் ஓட்டுநருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, முறையான நிறுவனத்தில் கடன் அட்டையைத் தேய்த்து வேறு வேன் எடுத்தோம். பிராக் நிகழ்ச்சிக்கு மிகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். உள்ளூர்க் குழு தன் நேரத்தை மாற்றிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தது.

அங்கிருந்து கடைசி வரை பேக்லைன் இல்லாமலே வாசித்தோம். கேட்ட இடத்தில் எல்லாம் உள்ளூர்க் குழு கேபினெட்டையும் டிரம்மையும் தந்தது. பாதி அரங்குகளில் அவை மேடையிலேயே நிரந்தரமாக நிற்கின்றன. இதை ஒரு மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டிருக்கலாம் என்று முகவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாடகை வாங்கினார்.

சுவிட்சர்லாந்து எல்லைக்கு அவர் தந்திருந்த ஆலோசனையையும் பதிவு செய்கிறேன்: 'சட்டைகளைத் தூக்கப் பைகளுக்கு அடியில் போடுங்கள், கேட்டால் சொந்த உடை என்று சொல்லுங்கள்.' சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. விற்பதற்காகக் கொண்டுபோகும் பொருளுக்குப் பயணிகளின் வரிவிலக்கு பொருந்தாது, 8.1 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி உண்டு. பாசல் எல்லையில் நாங்களே சொல்லிப் பட்டியலைக் கொடுத்தோம். படிவம் நிரப்பக் காத்திருந்த வரிசையில் எங்களைப் பார்த்ததும் தமிழில் பேச்சுக் கொடுத்தார், சரக்கு வண்டி ஓட்டும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். "தம்பி, ஒளித்திருந்தால் வரியோடு தண்டமும் சேர்ந்திருக்கும். இவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்" என்றார். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தவரும் அந்த அண்ணன்தான். நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனை தவறிப்போனது, சட்டைகள் தப்பின. விலையில் அடக்கம் என்ற சுங்கச் சாலைக் கட்டணத்தையும் நாங்களேதான் கட்டினோம். சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டண ஒட்டி ஓராண்டுக்குத்தான் கிடைக்கும், 40 பிராங்க். ஒரே இரவு வாசித்துவிட்டுத் திரும்புகிறவனுக்கும் அதே விலை.

நாங்கள் எழுத்தில் கணக்குக் கேட்டதும் அவர் தொனி மாறியது. நாங்கள் வாடிக்கையாளர்போல நடந்துகொள்கிறோமாம். இந்த வட்டத்தின் உணர்வு எங்களுக்கு இல்லையாம். இனி எந்த ஊரிலும் எங்களுக்கு நிகழ்ச்சி கிடைக்காதபடி செய்வாராம். சிறு குழுக்கள் வாயைத் திறக்காமல் இருப்பது இந்த மிரட்டலுக்குப் பயந்துதான். அவர் வேன் வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கும் வியாபாரி. வியாபாரத்தில் தப்பு இல்லை. ஆனால் காசு வாங்கும்போது வியாபாரி, கணக்குக் கேட்டால் தோழர் என்று வேடம் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அரங்கில் இலவசமாகச் சமைத்துப் போட்டவர்கள் யாரும் எங்களிடம் கொள்கை பேசவில்லை.

போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஏற்பாட்டாளரோடும் நடக்கும் மின்னஞ்சலில் உங்கள் முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கும் முகவருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். சம்பளம் அன்றிரவே உங்கள் கைக்கு வர வேண்டும். பதிவுச் சான்றிதழின் படத்தையும் பின் எண் பலகையின் படத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். முன் கண்ணாடியில் பச்சைச் சுற்றுச்சூழல் ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பல ஜெர்மன் நகரங்களின் மையப் பகுதிக்குள் நுழைந்தால் 100 யூரோ அபராதம். சாதாரண உரிமத்தில் ஓட்டும் வேனின் மொத்த எடை, ஆட்களும் இசைத்தட்டுப் பெட்டிகளும் உட்பட, 3.5 டன்னைத் தாண்டக் கூடாது. மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் (பொது விசா விதி உள்ள ஐரோப்பிய நாடுகள்) 180 நாட்களுக்குள் 90 நாள் வரை விசா வேண்டியதில்லை. ஆனால் பணம் வாங்கி வாசிப்பதற்கான விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை முகவரிடம் கேட்காமல் தூதரகத்திடமே கேளுங்கள்.

பேபால் எங்கள் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. ஜெர்மன் காவல்துறையில் இணையவழிப் புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறோம். இதற்கிடையில் முகவர் 400 யூரோ திருப்பித் தருவதாகவும், பதிலுக்கு நாங்கள் எங்கும் எதுவும் எழுதக் கூடாது என்றும் செய்தி அனுப்பினார். மறுத்துவிட்டோம். அவருடைய கணக்குத் தாள்களையும், ஏற்பாட்டாளர்கள் அனுமதியுடன் அனுப்பிய மின்னஞ்சல்களையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு கிளம்பும் குழு எதுவானாலும், உங்களுக்கு வந்திருக்கும் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.