வோல்கா பீட்ஸ் டிரம் மெஷினையும் லேப்டாப்பையும் ஒரே தாளத்தில் சேர்த்து ஓடவிட எது நல்ல வழி?

தாமதம் வேறு, தள்ளாட்டம் வேறு. டிரம் மெஷினின் கிக் (கனத்த டிரம் அடி) லேப்டாப்பின் தாளத்தைவிட எப்போதும் 8 மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் கவலையே இல்லை. பதிவான டிராக்கை அவ்வளவு தூரம் முன்னால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஓர் அடி 3, அடுத்தது 9, அப்புறம் 5 என்று பிந்தி வந்தால்தான் தலைவலி. ஒவ்வொரு அடியாக வெட்டி நகர்த்த யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் எந்த வழியில் தள்ளாட்டம் குறைவு என்பதை வைத்தே இங்கே எடை போடுகிறேன்.

கோர்க் நிறுவனத்தின் டிரம் மெஷினான வோல்கா பீட்ஸை எடுத்துக்கொள்வோம். யுஎஸ்பி கிடையாது. மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) செய்திகளை வாங்க ஐந்து முள் மிடி இன் ஒன்றும், தாளத் துடிப்பை வாங்கவும் அனுப்பவும் 3.5 மி.மீ. சிங்க் துளைகளும் இருக்கின்றன. ஒலி வெளியே வர ஒரே ஒரு துளைதான். கிக், ஸ்நேர், ஹேட் தனித்தனி டிராக்கில் வேண்டுமென்றால், மற்றவற்றை மியூட் செய்துவிட்டு மறுபடி மறுபடி பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அடி விழாவிட்டால், ஒன்றாக விழ வேண்டிய கிக்கும் ஹேட்டும் 'தட-தட' என்று இரண்டாகக் கேட்கும்.

பெரும்பாலோர் முதலில் கை வைப்பது மிடி க்ளாக்கில், அதாவது மிடி வழியே போகும் தாளத் துடிப்பில். இன்டர்ஃபேஸில் (லேப்டாப்போடு இணைக்கும் ஒலிப் பெட்டி) மிடி அவுட் இருந்தால் ஒரு கேபிள் போதும். பீட்டுக்கு 24 பல்ஸ், அதாவது டெம்போ 120 என்றால் ஏறக்குறைய 20.8 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஸ்டார்ட், ஸ்டாப் கட்டளைகளும் கூடவே போகும். லேப்டாப்பின் பதிவு சாஃப்ட்வேரில் பிளே அழுத்தினால் மெஷினும் கிளம்பிவிடும். வசதி என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. பலர் கேபிளைக் குறை சொல்வார்கள், ஆனால் ஒரு க்ளாக் செய்தி அதில் போக 0.32 மில்லிசெகண்ட்தான் ஆகும். கோளாறு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆடியோ, இன்டர்ஃபேஸின் க்ளாக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. மிடி செய்தியோ, இயங்குதளம் நேரம் ஒதுக்கும்போதுதான் வெளியே போகிறது. பஃபர் (ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் இடம்) பெரிதாக இருந்து, பிளக்இன்களும் (சாஃப்ட்வேருக்குள் செருகும் ஒலிக் கருவிகள்) குவிந்திருந்தால் தள்ளாட்டம் கூடவும் செய்யும்.

என் ஓட்டு ஆடியோ பல்ஸுக்கு. வோல்காவின் சிங்க் இன், பீட்டுக்கு இரண்டு பல்ஸ் கேட்கும். ஒரு சின்ன 'டிக்' ஒலியை சாம்ப்ளரில் (ஒலித் துண்டை நோட்டுகளால் இயக்கும் கருவி) போட்டு, எட்டாம் நோட்டுகளாக, அதாவது பீட்டுக்கு இரண்டாக, ஒரு டிராக்கில் வரைந்து, இன்டர்ஃபேஸின் மிச்சமிருக்கும் அவுட்டிலிருந்து சிங்க் இன்னுக்கு மோனோ கேபிள் போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில், டெம்போ 120 என்றால் ஒவ்வொரு டிக்குக்கும் நடுவே சரியாக 12,000 சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துண்டு). பாட்டின் மற்ற டிராக்குகள் போகும் அதே பாதையில் இதுவும் போவதால், பிந்தினாலும் எப்போதும் ஒரே அளவு பிந்தும். டிக்கை ஆடியோ கோப்பாக வைக்காமல் சாம்ப்ளரில் வைப்பதால், டெம்போவை மாற்றினாலும் கூடவே வரும்.

தொல்லைகளும் உண்டு. அவுட்டின் சத்தம் குறைவாக இருந்தால் மெஷினுக்குப் பல்ஸ் தெரியாது. நன்றாக ஏற்றி வைக்க வேண்டும். அந்த டிராக்கை மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் சேரும் இறுதி ஒலி) போகாமல் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் ஹெட்ஃபோனில் காது கிழியும். ஸ்டார்ட், ஸ்டாப் போகாது; வோல்காவில் முதலில் பிளே அழுத்தி வைத்துவிட்டு, பிறகு சாஃப்ட்வேரை ஓட்ட வேண்டும்.

மிடி அவுட் உள்ள மெஷின் என்றால், அதைத் தலைவனாக்கி சாஃப்ட்வேரைப் பின்னால் ஓடவிடும் வழியும் உண்டு. ஏபிள்டன் லைவ் என்ற சாஃப்ட்வேர் அப்படி ஓடும். ஆனால் திரையில் டெம்போ எண் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். வார்ப் செய்த (டெம்போவுக்கேற்ப நீட்டிச் சுருக்கிய) குரல் டிராக் இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

எதையும் இணைக்காமல், மெஷினைத் தன் போக்கில் ஓடவிட்டுப் பதிந்து, முதல் கிக்கை கிரிட்டில் (திரையில் தெரியும் தாளக் கோடுகள்) உட்கார வைப்பது நான்கு பார் லூப்புக்குத் தாராளமாகப் போதும். முழுப் பாட்டுக்கு ஓட விட்டால் மெல்ல விலகும்.

பணம் இருக்கிறது என்றால் கதையே வேறு. ரோலண்ட் டிஆர்-8எஸ் ஒரே யுஎஸ்பி கேபிளில் கிக், ஸ்நேர், ஹேட் எல்லாவற்றையும் தனித்தனி ஆடியோவாக அனுப்பிவிடும். ஒரே ஓட்டத்தில் பதிவு முடிந்துவிடுவதால் மறுபடி மறுபடி பதியும் பிரச்சினையே இல்லை. ஆனால் அப்போது அதுவே உங்கள் சவுண்ட் கார்டாகிவிடும். மைக் செருகியிருக்கும் இன்டர்ஃபேஸையும் கூடவே ஓட்ட வேண்டுமென்றால், மேக்கில் இரண்டையும் ஒரே சாதனமாகச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸில் அது அத்தனை சுலபமில்லை.