மலைக்கு ஏற்ற இழுவை: அப்பாவின் பத்மினியும் குன்னூர் பட்டறையும்

கீழ் குன்னூரில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இறங்கும் சந்தில் இருக்கிறது இந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. "பழைய வண்டி பார்க்கிற பாய் எங்கே?" என்று கேட்டால் டீக்கடைக்காரரே கூட வந்து காட்டுவார். ஒரே சமயத்தில் மூன்று வண்டிக்குத்தான் இடம். என் பத்மினி அங்கே ஐந்து வாரம் நின்றது. அந்த ஐந்து வாரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வண்டி அப்பா 1984-இல் புதிதாக எடுத்த பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஏறத்தாழ 40 குதிரைத்திறன், ஸ்டியரிங்கிலேயே கியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை உட்காரவைத்து கேத்தி வழியாக ஊட்டி போய்வருவேன். மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம். அவ்வளவுதான் அதன் ஓட்டம். ஆனால் இரண்டு வருடமாக அருவங்காடு தாண்டினாலே மூச்சு வாங்கியது. எல்லநள்ளி ஏற்றத்தில் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு சமவெளியில் ஒரு பட்டறையில் 22,000 ரூபாய் செலவழித்திருந்தேன். "பெரிய கார்ப்பரேட்டர் போட்டால் பிக்கப் வரும்" என்றார்கள். அங்கே ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மலையேறியதும் கரும்புகை, மிஸ்ஸிங், லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். காரணம் புரிந்தது, கையில் ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்ஜினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு விழும். ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரில், ஜெட் என்ற சிறு துளை வழியாக வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே மேலே போகப்போகக் கலவையில் பெட்ரோல் கூடிக்கொண்டே போகும். ஏற்கெனவே கூடுதலாக ஊற்றும் கார்ப்பரேட்டரை வைத்தால் பிளக் கரிக்கட்டையாகாமல் என்ன செய்யும்?

பாய் முதல் நாள் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஓட்டுங்க டீச்சர், கேக்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து அருவங்காடு வரை வந்தார். திரும்பி வந்ததும் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டர் போட்டதில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் பலவீனம். "இதை விட்டுட்டு மேல என்ன மாட்டினாலும் காசு வேஸ்ட்." எனக்கு இந்தப் பட்டறையின் மேல் மரியாதை வந்த இடம் இதுதான். விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. முதலில் இழந்ததை மீட்க வேண்டும் என்றார்.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, வால்வுகள் கசியாமல் உட்காரத் தேய்த்து (லேப்பிங்), தேய்ந்த ஒரு எக்ஸாஸ்ட் வால்வை மாற்றினார். ஒருமுறை சூடேறியதில் அலுமினிய ஹெட் லேசாக வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்தார். அப்போது நான் கேட்டேன், இன்னும் கொஞ்சம் சீவினால் கம்ப்ரஷன் கூடுமே என்று. அதற்கு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஊட்டியில நல்லா இழுக்கும் டீச்சர். மேட்டுப்பாளையம் இறங்கினா நாக் அடிக்கும். ரெண்டு ஊருக்கும் இதே வண்டிதானே?" காற்று மெலிந்த இடத்தில் தாங்கும் கம்ப்ரஷன், அடர்ந்த காற்றுள்ள அடிவாரத்தில் தாங்காது. கலவை தானாக வெடித்து என்ஜின் தட்டும், அதுதான் நாக். நான் கரும்பலகையில் எழுதி விளக்குகிற விஷயம், அவர் ஒரு வரியில் முடித்தார்.

கார்ப்பரேட்டரிலும் அதே கணக்கு. பழைய சோலெக்ஸ் கார்ப்பரேட்டரை நான் பரணில் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதைச் சுத்தம் செய்து, மெயின் ஜெட்டை ஒரு அளவு மட்டும் குறைத்தார். ஊட்டிக்கென்று இன்னும் குறைத்தால் அடிவாரத்தில் பெட்ரோல் போதாமல் என்ஜின் சூடாகி வால்வு கருகும். குன்னூர் உயரம்தான் அவருடைய நடுப்புள்ளி.

உண்மையான மேம்பாடு என்று சொன்னால் இரண்டுதான். பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் இருந்த இடத்தில் சிறிய மின்னணு இக்னிஷன், அதற்கேற்ற காயில். பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, லைட் வைத்துப் பார்த்தபிறகும் கேத்தி சாலையில் நிறுத்தி நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரைத் துளித்துளியாகத் திருப்பினார். மார்கழிக் குளிரில் சோக் இழுத்தால் இப்போது முதல் முயற்சியிலேயே பிடிக்கிறது. கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் டேஷ்போர்டில் போட்டுக் கொடுத்தார். வழியில் மின்னணு நின்றுபோனால் பழையதை மாட்டி வீடு வந்து சேரலாம். அடுத்தது, துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் சற்றே அகலமான குழாய்.

ரேடியேட்டருக்கு அழுத்தம் பிடிக்கிற புது மூடி போட்டார். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தை விட்டால், கீழே கொதிக்காத வண்டி மேலே கொதிக்கும். பெட்ரோல் ஹோஸ்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் மாற்றினார். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 40 வருட ரப்பருக்கு அது ஆகாது.

எல்லநள்ளி ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறுகிறேன். லிட்டருக்குப் பன்னிரண்டு வருகிறது. இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இறக்கம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. முன்பு பர்லியார் இறங்குவதற்குள் பிரேக் வாசனை வந்துவிடும். கம்ப்ரஷன் சரியானதும் இரண்டாம் கியரே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அம்மா இப்போது வளைவுகளில் கைப்பிடியைப் பற்றுவதில்லை.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்றது ஐந்தாயிற்று. லேத்தில் ஹெட் பத்து நாள் கிடந்தது. மொத்தம் 38,000 ரூபாய், பில் கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருகிறார். பாகம் தனி, கூலி தனி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள், செய்வார். புதுக் குழாயால் மூன்றாம் கியரில் ஐம்பதைத் தொடும்போது வண்டிக்குள் ஒரு ரீங்காரம். ரப்பர் தொங்கல்களை மாற்றியும் முழுதாகப் போகவில்லை. மீண்டும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும்போது சத்தம் இடிக்கக் கூடாது என்பதால் உள்ளே இன்னொரு தடுப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேகம் வேண்டும், பந்தயச் சத்தம் வேண்டும் என்று வருகிறவர்களை அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் பட்டறை இல்லை. போனை எடுக்க மாட்டார், நேரில்தான் பேச வேண்டும்.

அடுத்தது பிரேக். ஐப்பசி மழை விட்டதும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நாலு டிரம்மையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வாராம்.