ஒரே ஆசிரியரிடம் பல பாடங்கள்: செந்தூல் வீட்டில் நான்கு ஆண்டு டியூசன் அனுபவம்

என் மகள் நான்காம் படிவத்துக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டுக்குச் சென்ற 2021 ஆம் ஆண்டில் தொடங்கி, மகனும் அதே படிவத்துக்கு வந்துவிட்ட இன்றுவரை, கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாரத்துக்கு இரண்டு, மூன்று மாலைகள் டியூசன் நடந்துவருகிறது. கற்பிப்பவர் ஒருவரே. கெப்போங்கிலிருந்து மோட்டாரில் வரும் அவர், தொடக்கத்தில் கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், வரலாறு ஆகிய ஐந்து பாடங்களையும் தாமே எடுத்தார். பாடத்துக்கு ஓர் ஆசிரியரைத் தேடுவதா, எல்லாவற்றுக்கும் ஒருவரையே வைத்துக்கொள்வதா என்று என்னிடம் கேட்ட பெற்றோரிடம் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

அவர் வருவதற்கு முன்பு, ஒரு டியூசன் நிலையத்தில் எட்டுப் பாடங்களுக்கும் சேர்த்து மூன்று மாதக் கட்டணத்தை முன்னதாகவே கட்டியிருந்தோம். அந்த மூன்று மாதங்களில் கூடுதல் கணிதத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் சார்புகள் என்னும் முதல் பாடத்திலிருந்தே மறுபடியும் தொடங்கினார்கள். பெருந்தொற்றால் பள்ளியும் பல மாதங்கள் திரையில்தான் நடந்தது என்பதால், மகள் எதைக் கற்றாள், எதை விட்டாள் என்று சொல்ல யாருமே இல்லை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. அந்த வருத்தத்தைவிட, முதல் பாடத்தையே தாண்டாமல் அவள் இழந்த காலம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது.

புதிய ஆசிரியர் முதல் இரண்டு வகுப்புகளில் எதையும் கற்பிக்கவில்லை. எல்லாப் பாடங்களின் தேர்வுத்தாள்களையும் கேட்டு வாங்கி, மேசையில் வரிசையாகப் பரப்பி, கேள்விகளில் இருந்த மலாய் வினைச்சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே போனார். பிறகு என்னை அழைத்து, "அக்கா, இவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்காமல் எழுதுகிறாள். ஐந்து பாடத்திலும் இதே தவறுதான்" என்றார்.

அவர் காட்டிய கேள்வி ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. ஓர் இருபடிக் கோவையை வர்க்கப்பூர்த்தி வடிவில் எழுதச் சொல்லிவிட்டு, 'செத்தெருஸ்ஞா' அதன் மிகச்சிறிய மதிப்பைக் கூறுமாறு அந்தக் கேள்வி கேட்டிருந்தது. முந்தைய விடையைக் கொண்டே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். விடை ஒரே வரியில் கண்ணெதிரே இருக்கிறது. மகளோ அதைக் கவனியாமல் வகைநுண்கணிதத்தைத் தொடங்கி அரைப் பக்கம் எழுதியிருந்தாள். இயற்பியல் தாளிலும் இதே கதைதான்: 'ஞாத்தாகான்' என்றால் விடையை மட்டும் கூறினால் போதும், 'தெராங்கான்' என்றால் காரணத்தோடு விளக்க வேண்டும் என்ற வேறுபாடு அவளுக்குப் பிடிபடாததால், ஒரு சொல் போதுமான இடத்தில் ஐந்து வரியும், ஐந்து வரி வேண்டிய இடத்தில் ஒரு சொல்லும் எழுதியிருந்தாள். தமிழ்ப்பள்ளியில் அறிவியலையும் கணிதத்தையும் தமிழில் கற்றுவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஐந்து பாடங்களுக்கு ஐந்து ஆசிரியர்கள் இருந்திருந்தால், ஒவ்வொருவரும் தம் பாடத்தில் இவள் பலவீனம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரே ஆசிரியரை வைத்துக்கொள்வதில் நான் கண்ட உண்மையான பயன் இதுதான். கட்டணமும் பயணமும் மிச்சமாவதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அதற்காக அவர் செய்த ஏற்பாடும் எளிமையானது. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஒரே தவறு நோட்டு. இடப்பக்கத்தில் தவறாகப் போன கேள்வி; வலப்பக்கத்தில் அது ஏன் தவறாகப் போனது என்று அவளே தன் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதினால் அதைக் காரணமாக ஏற்கமாட்டார். எதைக் கவனிக்கவில்லை என்று எழுதும்வரை அடுத்த கேள்விக்குப் போக முடியாது. மூன்று மாதங்களில் முதல் நோட்டு தீர்ந்தது. இரண்டாம் நோட்டு ஓர் ஆண்டுக்கு மேல் வந்தது.

வரலாற்றையும் டியூசனில் சேர்க்க வேண்டுமா என்று நான் முதலில் தயங்கினேன். ஆனால் 2013 முதல் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவர்களுக்கு, ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் மலேசிய அரசுத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதால் சேர்த்தோம். இந்தப் பாடத்தை மட்டும் அவர் சுமாராகத்தான் நடத்தினார் என்று சொல்ல வேண்டும். குறிப்புகளை மனப்பாடம் செய்ய வைத்தாரே தவிர, சிந்தித்து எழுத வேண்டிய கட்டுரைக் கேள்விகளுக்கு அவரால் அதிகம் உதவ முடியவில்லை.

ஒருவரே பல பாடங்களைக் கற்பிப்பதன் எல்லை ஐந்தாம் படிவத்தில், கார்பன் சேர்மங்கள் என்னும் வேதியியல் பாடத்தில், தெளிவாகத் தெரிந்தது. எஸ்டருக்குப் பெயரிடும்போது ஆல்கஹாலின் பகுதி முன்னாலும் அமிலத்தின் பகுதி பின்னாலும் வர வேண்டும். புரோப்பனோலும் எத்தனோயிக் அமிலமும் சேர்ந்தால் கிடைப்பது புரோப்பைல் எத்தனோயேட். அவர் அதை மாற்றி, எத்தில் புரோப்பனோயேட் என்று கற்பித்துவிட்டார். மகள் பாடநூலைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது உடனே மழுப்பாமல், வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்து, அடுத்த வகுப்பின் முதல் வேலையாக அவளிடம் வருத்தம் தெரிவித்தார். "வேதியியலுக்கு வேறு ஆளைப் பாருங்கள் அக்கா, நானே ஒருவரைச் சொல்கிறேன்" என்று என்னிடம் கூறியதும் அவர்தான். தம் வருமானம் குறையும் என்று தெரிந்தே அப்படிச் சொன்னவர்மீது என் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்ததால், நான்தான் அப்போது ஆளை மாற்றவில்லை.

2022 ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்வை மகள் 2023 பிப்ரவரியில் எழுதத் தொடங்கினாள். நான்காம் படிவத் தொடக்கத்தில் தோல்வியடைந்துகொண்டிருந்த கூடுதல் கணிதத்தில் ஏ மைனஸ் வந்தது. வேதியியலில் சி பிளஸ்.

ஆறாம் படிவத்திலும் அவரையே தொடர்ந்தது என் தவறு. ஆறாம் படிவத்தில் எழுதும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாக நடக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தாள் உண்டு, பாடத்தின் ஆழமும் எஸ்.பி.எம்.மோடு ஒப்பிட முடியாதது. முதல் பருவத்தில் கணிதம் நன்றாக வந்தது, வேதியியல் சறுக்கியது. இரண்டாம் பருவத்திலிருந்து வேதியியலுக்கு மட்டும் மணிக்கு 90 வெள்ளி (ரிங்கிட்) கேட்ட தனி ஆசிரியையை வைத்தோம். சறுக்கிய தாளை மூன்றாம் பருவத்தின்போது மறுபடியும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டாள். ஆகவே, கல்லூரிப் புகுமுக நிலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பதே பொருத்தம் என்று துணிந்து சொல்வேன்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்று 1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சொல்கிறது. மகளின் படிவத்தில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். இந்த ஆசிரியர் சனிக்கிழமை காலைகளில் ஒன்றரை மணி நேரம் அவளுக்கும் அவள் தோழிகள் இருவருக்கும் தமிழ்மொழித் தாளைக் கற்பித்தார். அதற்குக் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது மகனின் முறை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021 இலும், மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022 இலும் அகற்றப்பட்டுவிட்டதால், எஸ்.பி.எம்.தான் அவன் எழுதப்போகும் முதல் அரசுத் தேர்வு. தான் எங்கே நிற்கிறான் என்று அறிய அவனுக்கு வேறு அளவுகோல் இல்லை. அதனால் அதே ஆசிரியரையே மறுபடியும் அழைத்தோம். ஆனால் இம்முறை கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல் மட்டும், மணிக்கு 70 வெள்ளி, செவ்வாயும் வெள்ளியும். வேதியியலுக்கு அக்காவின் ஆசிரியையிடம் போகிறான். போன வெள்ளிக்கிழமை, தவறு நோட்டின் வலப்பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி நீட்டினான். அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் திருப்பிக் கொடுத்தார்.