மீடியா சர்வருக்கு செகண்ட் ஹேண்ட் பிசி வாங்கப் போகிறவர்களுக்கு: ‘இலவச’ டிஸ்ப்ளே கார்டு என்றால் உஷார்

ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

இதுவரை ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், நம்மிடம் இருக்கும் படங்களை டிவிக்கும் மொபைலுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. டிவியே நேரடியாகப் படிக்கும் ஃபைல் என்றால் தொல்லை இல்லை. ஆனால் 4கே, 10 பிட் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) படத்தை மொபைலில் பார்க்க வேண்டுமென்றால் சர்வர் அதை ஓட ஓடச் சிறிதாக்கித் தர வேண்டும் (இதுதான் டிரான்ஸ்கோடிங்), அது பையால் ஆகாத காரியம். இதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் வேண்டாம், இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில், வீடியோவை மாற்றுவதற்கென்றே உள்ள குயிக் சிங்க் போதும். ஏழாம் தலைமுறையிலிருந்தே அது 10 பிட் ஹெச்இவிசியைக் கையாளும். நான் தேடியது ஐ5-12400 ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டர். அந்த ப்ராசஸர் ஏவி1 என்ற புதிய வகை வீடியோவையும் ஹார்ட்வேரிலேயே டிகோட் செய்யும், அதாவது படிக்கும்.

பழைய பொருள்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில், புதுப்பித்த கம்ப்யூட்டர் விற்கும் ஒருவரிடம் அது இருந்தது. விளம்பரத் தலைப்பிலேயே ஐ5-12400, கூடவே இரண்டு ‘புத்தம் புது’ ஹார்ட் டிஸ்க். விலை ஒரு மாதச் சம்பளம். என்ன வேலைக்கு வாங்குகிறேன் என்று சாட்டில் விளக்கமாகவே சொன்னேன். அந்த ஆளும் பொறுமையாகக் கேட்டு, “ப்ளெக்ஸா, ஜெல்லிஃபினா சார்? ப்ளெக்ஸ்னா ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங்குக்குத் தனியா பாஸ் வாங்கணும், ஜெல்லிஃபின்னா எல்லாமே ஃப்ரீ” என்றார். ப்ளெக்ஸும் ஜெல்லிஃபின் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேர். சரியான தகவல்தான். இவ்வளவு தெரிந்தவர், இவரிடம் வாங்கலாம் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். அடுத்து வந்தது தூண்டில்: “உங்களுக்காக ஒரு டிஸ்ப்ளே கார்டும் சும்மாவே போட்டுத் தர்றேன் சார்.” ஜிடி 1030. நன்றி வேறு சொன்னேன்!

பெட்டி வந்தது. மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் ரப்பர் மூடி, அதன்மேல் ‘கார்டில் மட்டும் செருகவும்’ என்று ஸ்டிக்கர். லைப்ரரி, யார் எதுவரை பார்த்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றி, குயிக் சிங்க்கை ஆன் செய்து படம் போட்டால் ஓடவே இல்லை. ஆஃப் செய்தால் ஓடுகிறது, ஆனால் ஆறு கோரும் நூறு சதவீதத்தில், ஃபேன் அலறுகிறது, படம் விட்டு விட்டு வருகிறது. டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டு அலுத்துப்போய், ப்ராசஸர் விவரத்தைக் காட்டும் எல்எஸ்சிபியு கமாண்டைத் தட்டினால் வந்து நிற்கிறது: ஐ5-12400எஃப்.

இன்டெல்லில் எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கிராஃபிக்ஸ் இல்லையென்றால் குயிக் சிங்க்கும் இல்லை. கார்டு இல்லாமல் அனுப்பியிருந்தால் ஸ்கிரீனே வந்திருக்காது, அன்றே மாட்டியிருப்பார். சரி, அந்தக் கார்டாவது உதவுமா என்றால் ஜிடி 1030 ஹெச்இவிசியைப் படிக்கும், திரும்ப எழுதாது. அதில் என்கோடரே இல்லை. என் தேவை முழுவதையும் கேட்டுவிட்டு, அதற்கு உதவவே உதவாத ஜோடியாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

கேட்டதற்கு முதல் பதில், “எஃப் இருந்தாலும் இல்லைன்னாலும் ஸ்பீடு ஒண்ணுதான் சார்.” ஸ்பீடை யார் கேட்டது? அப்புறம், “சாஃப்ட்வேர் பிரச்சினை, விண்டோஸ் போட்டுப் பாருங்க.” அப்புறம், “கார்டு ஃப்ரீயா குடுத்தேனே, மறந்துட்டீங்களா?” அதன் பிறகு பதிலே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவுக்குப் போனால், முதலில் ரோபோ, பிறகு ரோபோவைப் போலவே பேசும் ஒரு மனிதர்: பொருள் ஆன் ஆகிறது, எனவே விளம்பரத்தில் சொன்னபடியே இருக்கிறது, புகார் முடிக்கப்படுகிறது. விளம்பரத்தைத் திரும்பத் திறந்தால் இப்போது அதில் எஃப் சேர்ந்திருக்கிறது! பழைய ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். ‘முடிந்துபோன புகாரைத் திறக்க இயலாது.’ ஒரு மாதச் சம்பளத்தை முழுங்கிவிட்டு இப்படி ஒற்றை வரியில் பதில்.

சந்தேகம் வந்து டிஸ்க்குகளையும் பார்த்தேன். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ஓடிய நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனால் இந்த சீகேட் டிஸ்க்குகளில் இருக்கும் ஃபார்ம் என்ற தனிப் பதிவில் 20,000 மணி நேரத்துக்கு மேல். எங்கோ சர்வரில் உழைத்து ஓய்ந்தவற்றை யாரோ மீட்டரைத் திருப்பி விற்றிருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் இதே மாதிரி மோசடி செய்தியாகவே வந்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்று பெரிய பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ப்ராசஸரின் முழுப் பெயர் திரையில் தெரியும்படி, உங்கள் பெயர் எழுதிய துண்டுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ கேளுங்கள். பெயருக்குப் பதில் 0000 என்று காட்டினால் அது சோதனைக்காகத் தயாரித்த சிப், வேண்டாம். டிஸ்க் சீகேட் என்றால் ‘ஸ்மார்ட்சிடிஎல் -எல் ஃபார்ம்’ (smartctl -l farm) கமாண்டை ஓட்டிப் பாருங்கள், அதைத் தரும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். விளம்பரத்தைப் பணம் அனுப்பும் முன்பே முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எந்த போர்ட்டையாவது மூடி அனுப்பியிருந்தால் முதலில் அதைத் திறந்து, டிஸ்ப்ளே கார்டைக் கழற்றிவிட்டு, அதில் மானிட்டரைச் செருகுங்கள். ஸ்கிரீன் வரவில்லையா, லைப்ரரியை மாற்றிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள்.