கொழும்பு – சிங்கப்பூர்: நேரே பறப்பதா, மாறிப் போவதா?

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 2,740 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 850, 900 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட வரும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டைப் பார்த்துப் பலர் குழம்புவதும் இங்கேதான். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நள்ளிரவு 12.30க்குக் கிளம்பினால் அங்கே காலை 7 மணிக்கு இறங்குவீர்கள். உடம்புக்கு அது விடிகாலை 4.30. சாப்பாடு கொடுத்து, விளக்கை அணைத்து, கண் அயர்வதற்குள் மறுபடி விளக்கு எரியும். திரும்பி வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது போலிருக்கும்.

சரி, மாறிப் போனால்? கோலாலம்பூர் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கிறது. கொழும்பிலிருந்து அங்கே சுமார் 2,470, அங்கிருந்து சிங்கப்பூர் 300 கிலோமீட்டர். தூரத்தில் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். நேரம்தான் போகிறது: இரண்டாவது பயணம் ஒரு மணி நேரம், அதற்காகக் காத்திருப்பது இரண்டோ ஐந்தோ. முதல் விமானம் ஒரு முனையத்திலும் அடுத்தது மற்றதிலும் என்றால் இடையே ரயிலும் ஏற வேண்டும்.

சென்னை வழி எனக்குச் சரிப்படாது. வடக்கே 650 கிலோமீட்டர் போய், அங்கிருந்து 2,900க்கு மேல். எண்ணூறு கிலோமீட்டர் வீண் சுற்று. சென்னையில் கல்யாணப் புடவை எடுக்கவோ சொந்தக்காரரைப் பார்க்கவோ இருந்தால் சரி, அந்த வழி போங்கள்.

எந்த ஊர் வழியானாலும் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். மலிவு என்று தனித்தனியாக எடுத்தால், இடையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரும். அதற்கு அந்த நாட்டு விசாவும் வேண்டியிருக்கலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

அம்மாவை ஒருமுறை மாறிப் போகும் விமானத்தில் கூட்டிப்போனேன். காசு மிச்சம் என்றுதான். நடந்து நடந்து, வாசல் எண் தெரியும் இடத்துக்கு வந்தபோது அம்மா சுவரோரமாக நின்று செருப்பைக் கழற்றினார். கணுக்கால் இரண்டும் வீங்கி, வார் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. “நீ போய்ப் பாரப்பு, நான் மெதுவா வாறன்” என்றார். அன்றோடு முடிவு செய்தேன்: தனியாகப் போனால் கோலாலம்பூர் வழி, அம்மாவோடு என்றால் நேர் விமானம் மட்டும்தான்.

அதிலும் பகல் விமானம் கிடைத்தால் அதையே எடுப்பேன். நேர்கோடு வட சுமாத்திராவைக் கடக்கிறது. தோபா ஏரி ஏறத்தாழ அந்தக் கோட்டின் கீழேயே கிடக்கிறது. முகில் விலகியிருந்தால், ஏரி நடுவே பெரிய தீவு ஒன்றையும் அம்மாவுக்குக் காட்டலாம்.