அடிபட்டு வந்த தாய்க்கு எந்தக் குழு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் கணவனின் அடி தாங்காமல் பிள்ளைகளோடு வெளியேறிய பெண்ணுக்கு, "பிள்ளை வளர்ப்பு வகுப்புக்குப் போம்மா" என்ற யோசனை சுலபமாகக் கிடைக்கிறது. எந்த வகுப்பு என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்று, எல்லாப் பெற்றோருக்குமான பொதுக்குழு. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் 552 குடும்பங்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட 'சினோவூயோ டீன்' அந்த வகை. 14 வார வகுப்பு. பெரும்பாலும் பெரியவரும் பதின்ம வயதுப் பிள்ளையும் சேர்ந்தே வருவார்கள். வீட்டில் பிள்ளைகள் படும் அடியும் வசவும் குறைந்ததாகப் பெரியவர்கள் சொன்னதை 2018இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே நடத்துவதால் செலவும் குறைவு.

மற்றொன்று, வன்முறையிலிருந்து மீண்டு வரும் தாய்மார்களுக்கென்றே கூட்டப்படும் குழு. அமெரிக்காவின் மிச்சிகனில் சாண்ட்ரா கிரஹாம்-பெர்மன் உருவாக்கிய 10 அமர்வுத் திட்டத்தில் தாய்மார்கள் ஓர் அறையில் பேசுவார்கள்; 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தனிக்குழு.

வெளியேறிய புதிதில் இரண்டாவதுதான் வேண்டும் என்பேன். பொதுக்குழுவில் சொல்லித்தரும் பாராட்டும் கண்டிப்பும், தாயின் சொல் வீட்டில் எடுபட்டால்தான் பலிக்கும். பிள்ளைகள் எதிரிலேயே வருடக்கணக்கில் அவமானப்பட்டவளின் சொல் எப்படி எடுபடும்? கதவு படாரென்று சாத்தினால் சின்னது மேஜைக்கடியில் ஒளிகிறது. ஒன்பது வயது மூத்தவன், அப்பா திட்டிய அதே வார்த்தையால் அம்மாவைத் திட்டுகிறான். பொதுக்குழுவில் அவன் அடங்காத பிள்ளை. தாய்மார் குழுவிலோ பக்கத்து நாற்காலிக்காரி, "என் மகனும் அப்படித்தான் பேசினான்" என்கிறாள். எந்த நிபுணரும் தர முடியாத ஆறுதல் அது.

பிள்ளைகளுக்கும் அங்கேயே இடம் இருப்பது பெரிய விஷயம். இல்லையென்றால் பாட்டியிடம் விட வேண்டும். அந்தப் பாட்டி கணவனின் தாயாக இருந்துவிட்டால்?

இதன் குறை, ரகசியம். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பக்கத்தில் நிற்பவள், குழுவில் நம் கதையைக் கேட்டவளாக இருக்கலாம். டாக்சிக்குக் கூடுதலாகச் செலவானாலும் வேறு பகுதிக் குழுவே நல்லது. அதுவும் முடியாதவர்களுக்கும், இரவில் தூக்கமே வராதவர்களுக்கும் தனி ஆலோசனை பொருந்தும்.

குடும்பப் பெரியவர்களின் சமாதானப் பேச்சை இந்த வரிசையில் நான் சேர்க்கவே மாட்டேன். அடி தொடரும் வீட்டுக்கு முதலில் வேண்டியது 1998ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணை. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. எந்தக் குழுவானாலும், சேருமுன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கணவன் வந்து விசாரித்தால் என்ன சொல்வீர்கள்?